கையெழுத்திடாத ஒருவரின் தடத்தில்

முதல் நாள்: தி ஹேக்

பிளெய்ன் சதுக்கத்தின் நடுவில் ஆரஞ்சு இளவரசர் வில்லெமின் சிலை நிற்கிறது. சுற்றிலும் காப்பிக் கடைக்காரர்கள் வெயிலுக்காக நாற்காலிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அந்தச் சதுக்கத்தின் 23 ஆம் எண் கட்டடத்தின் முன்னால் இன்று காலை வெகுநேரம் நின்றிருந்தேன். 1950களில் நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சகம் இங்கேதான் இயங்கியது. 1952 செப்டம்பரிலிருந்து 1956 அக்டோபர் வரை அதன் அமைச்சராக இருந்த யோஹன் வில்லெம் பையெனின் தடத்தைத் தேடித்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தந்தையர் என்று ஷூமன், மொனே, அடினாவர், டி காஸ்பெரி, ஸ்பாக் ஆகியோரைப் புத்தகங்கள் வரிசையாகச் சொல்கின்றன. பையெனின் பெயர் அந்த வரிசையில் அரிதாகவே வருகிறது. ஆனால் ஒன்றியத்தின் முதுகெலும்பான பொதுச் சந்தை என்னும் யோசனையை, அதைக் காதில் போட்டுக்கொள்ள எவரும் ஆயத்தமாக இல்லாத காலத்திலேயே மீண்டும் மீண்டும் முன்வைத்தவர் அவர்தான்.

நான் சுங்கத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு நாடு தன் வாசலில் வசூலிக்கும் தீர்வையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை அன்றாடம் கண்டவன். ஆகவே, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ஒன்றுக்கொன்று எதிராக வைத்திருந்த சுங்கச் சுவரை இடிக்க ஒப்புக்கொண்ட கதை எனக்கு வெறும் வரலாறாகத் தெரிந்ததே இல்லை.

பையென் அரசியலில் வளர்ந்தவரல்லர். 1897 இல் உட்ரெக்டில் பிறந்து, சட்டம் படித்து, நிதி அமைச்சகத்திலும் வங்கிகளிலும் பணியாற்றி, போர்க்காலத்தில் இலண்டனில் தங்கியிருந்த நெதர்லாந்து அரசுக்கு நிதி ஆலோசகராக இருந்தவர். போருக்குப் பிந்தைய உலக நாணய ஒழுங்கை வகுத்த 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு நெதர்லாந்துக் குழுவை அழைத்துச் சென்றவரும் அவரே. அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இல்லை. அவர் அமைச்சரானதே ஒரு கூட்டணிச் சிக்கலின் விளைவு. வெளியுறவுப் பொறுப்பைக் கத்தோலிக்க மக்கள் கட்சி கேட்டது. மற்ற ஐந்து நாடுகளிலும் கத்தோலிக்கத் தலைவர்களே முன்னணியில் இருக்கும்போது, ஆறாவதாகவும் ஒரு கத்தோலிக்கரை அனுப்புவதற்குத் தொழிற்கட்சியைச் சேர்ந்த பிரதமர் வில்லெம் டிரேஸ் தயங்கினார். முடிவில் ஒரே அமைச்சகத்துக்கு இரண்டு அமைச்சர்கள் வந்தார்கள். கத்தோலிக்கரான யோசஃப் லூன்ஸ் ஒருவர், கட்சி சாராத பையென் மற்றவர். ஐரோப்பிய ஒத்துழைப்பு பையெனின் பங்காக வந்தது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பில் பெரிய ஆர்வம் இல்லாத டிரேஸ், ஒரு வங்கியாளரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அது நிதானமாகவே நடக்கும் என்று எண்ணியிருக்கக்கூடும். இது என் ஊகம்தான். நடந்தது அதற்கு நேர்மாறானது.

பதவியேற்ற மூன்றே மாதங்களில், 1952 டிசம்பர் 11 அன்று, மற்ற ஐந்து அரசுகளுக்கும் அவர் ஒரு குறிப்பாணை அனுப்பினார். நிலக்கரி, எஃகுத் தொழில்களைப் பொதுவாக நிர்வகிக்க ஆறு நாடுகளும் அமைத்த நிலக்கரி எஃகு சமூகம் அப்போதுதான் செயல்படத் தொடங்கியிருந்தது. பொதுவான ஐரோப்பியப் படை ஒன்றையும், அதற்கு மேலாக ஓர் அரசியல் சமூகத்தையும் அமைப்பதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொருளாதார உள்ளடக்கம் இல்லாத அரசியல் அமைப்பு வெறும் கூடாகவே இருக்கும் என்பது பையெனின் வாதம். ஆறு நாடுகளும் தமக்கிடையே சுங்கத் தீர்வையை நீக்கிவிட வேண்டும், வெளியுலகுக்கு ஒரே தீர்வையை விதிக்க வேண்டும், அதற்கான கால அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அவர் கேட்டார்.

இந்தக் கால அட்டவணைதான் அவருடைய திட்டத்தின் உயிர்நாடி என்று என் தொழில் அனுபவம் சொல்கிறது. தீர்வையைக் குறைப்பதைப் பற்றி அவ்வப்போது கூடிப் பேசி முடிவெடுப்போம் என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு நாட்டின் ஏதாவது ஒரு தொழில் முட்டுக்கட்டை போடும். அந்தப் பேச்சுக்கு முடிவே இராது. அதேபோல, பொதுவான வெளித்தீர்வை இல்லாமல் உள்தீர்வையை மட்டும் நீக்கினால், சரக்குகள் தீர்வை குறைந்த நாட்டின் துறைமுகம் வழியாக நுழைந்து எங்கும் பரவும். அதைத் தடுக்க ஒவ்வொரு பெட்டியும் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று சான்று கேட்கவேண்டும். அப்படியானால் எல்லைச் சாவடிகள் பெயரளவில்தான் ஒழியும்.

நெதர்லாந்துக்கு இதில் சொந்த நலனும் இருந்தது. அது வணிகத்தை நம்பி வாழும் சிறிய நாடு. தன் தீர்வைகளை ஏற்கெனவே தாழ்வாக வைத்திருந்ததால், பேரம் பேசிக் குறைப்பதற்கு அதன் கையில் எதுவும் மிச்சமில்லை. இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை ஐரோப்பிய நாடுகள் மெல்லத் தளர்த்திவந்தன. ஆனால் உயர்ந்த தீர்வைச் சுவர் கொண்ட நாடுகளின் சுவர் அப்படியே நின்றது. பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகியவற்றுடன் சேர்ந்து 1948 முதல் பெனலக்ஸ் சுங்க ஒன்றியத்தை நடத்திப் பார்த்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. தன்னலம் கலந்தது என்பதால் ஒரு யோசனையின் மதிப்பு குறைந்துவிடாது. எல்லோருக்கும் பயன்படும் வடிவத்தில் தன் நாட்டின் தேவையைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல இராஜதந்திரி என்பேன்.

குறிப்பாணை கிடப்பில் போடப்பட்டது. பிரான்ஸ் ஒத்துவரவில்லை. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம், 319 வாக்குகளுக்கு 264 என்ற கணக்கில், பொதுப் படைக்கான ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்தபோது அரசியல் சமூகமும் அதனுடன் சேர்ந்து மறைந்தது. பையெனின் திட்டம் தொங்கிக்கொண்டிருந்த கொம்பே முறிந்துவிட்டது. மாலையில், பழுதுபார்ப்புக்காகச் சாரங்களால் மூடப்பட்டிருக்கும் பின்னன்ஹோஃப் நாடாளுமன்ற வளாகத்தைச் சுற்றி நடந்தபோது, அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவர் இந்த வழியாக என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள்: பிரஸ்ஸல்ஸ்

தி ஹேக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். எல்லை எங்கே கடந்தது என்பதை அறிவிப்பின் மொழி மாறியதைக்கொண்டுதான் ஊகித்தேன்.

மெட்ரோவின் கடைசி நிறுத்தமான எர்மன் டெப்ருவில் இறங்கி, வால் டூஷெஸ் மாளிகையின் சுற்றுச்சுவர் வரை நடந்தேன். 1956, 1957 ஆம் ஆண்டுகளில் பொதுச் சந்தையையும் அணுசக்திச் சமூகத்தையும் நிறுவிய உரோம் ஒப்பந்தங்களின் வாசகங்களை ஆறு நாட்டு அதிகாரிகளும் வரிக்கு வரி வாதிட்டு எழுதிய இடம் இது. வழக்கமாகப் பொதுமக்கள் உள்ளே செல்ல முடியாது. மரங்களின் இடைவெளியில் வெண்மையான முகப்பு சிறிது தெரிந்தது. அருகிலிருக்கும் புனித அன்னாள் சிற்றாலயத்தின் கற்சுவரில் சாய்ந்து சற்று நேரம் அமர்ந்திருந்தேன். 1262 இல் பிரபான்ட் கோமாட்டி ஒருவர் தொமினிக்க சபைக் கன்னியர்களுக்காக நிறுவிய மடம் இருந்த நிலம் இது. அதனால்தான் கோமாட்டியின் பள்ளத்தாக்கு என்று பெயர்.

இங்கே நடந்த வேலையின் பெருமை பெல்ஜிய வெளியுறவு அமைச்சர் பால் ஆன்ரி ஸ்பாக்குக்குச் சேர்கிறது. அது நியாயமானது. நிபுணர் குழுவைத் தலைமையேற்று நடத்தி, 1956 ஏப்ரலில் அறிக்கையை முடித்துக் கொடுத்தவர் அவர். ஆனால் 1955 இன் தொடக்கத்தில் ஸ்பாக்கும் அவருடைய நண்பர் மொனேயும் நினைத்தது வேறொன்று. நிலக்கரியும் எஃகும்போல, அடுத்துப் போக்குவரத்து, மின்சாரம், அணுசக்தி என்று துறை துறையாக இணைப்பதுதான் அவர்கள் வழி. அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பாக் இதை முன்மொழிந்தபோது, பையென் தம்முடைய பழைய திட்டத்தைத் தூசி தட்டி எடுத்துப் பதிலாக அனுப்பினார். துறை துறையாக இணைத்தால் ஒவ்வொரு துறையிலும் எழும் இழப்பை மற்றத் துறைகள் சுமக்க நேரிடும், முழுப் பொருளாதாரமும் சேர்ந்தால்தான் நாடுகளுக்கிடையே உண்மையான பிணைப்பு ஏற்படும் என்பது அவர் நிலை. ஸ்பாக் தம் கருத்தை விட்டுவிடவில்லை, பையெனும் விடவில்லை. மே மாதம் மூன்று பெனலக்ஸ் நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட குறிப்பாணையில் இரண்டு வழிகளும் ஒன்றாக இடம்பெற்றன. பெரிய பெயர் கொண்ட இருவருக்கு எதிரில் தம் கருத்தை நிறுத்தியும், அவர்களைப் பகைத்துக்கொள்ளாமலும் இருந்த அந்த ஏப்ரல் மாதத்தைத்தான் பையெனின் வாழ்க்கையின் உச்சமாக நான் கருதுகிறேன்.

மூன்றாம் நாள்: பாசல்

லக்ஸம்பர்க், ஸ்ட்ராஸ்பூர் வழியாக மூன்று ரயில்கள் மாறி மாலையில் பாசல் வந்து சேர்ந்தேன். இந்த ஊரைத் தவிர்த்துவிட்டுப் போயிருக்கலாம். போற்றுகிற மனிதரின் வசதியான பக்கத்தை மட்டும் எழுதுவது முறையன்று என்பதால் வந்தேன்.

நிலையத்துக்கு அருகே வட்ட வடிவக் கோபுரமாக நிற்கிறது, மத்திய வங்கிகளுக்கான வங்கியாகிய பன்னாட்டுத் தீர்வு வங்கி. 1977 வரை அது நிலையத்தை ஒட்டிய ஒரு பழைய விடுதிக் கட்டடத்தில் இயங்கியது. 1937 முதல் 1939 வரை அதன் தலைவராக இருந்தவர் பையென். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் பிராகாவுக்குள் நுழைந்த சில நாள்களில், செக்கோஸ்லோவாக்கிய தேசிய வங்கியின் பெயரில் ஓர் உத்தரவு வந்தது. இலண்டனில் இந்த வங்கியின் கணக்கில் வைக்கப்பட்டிருந்த சுமார் 23 டன் தங்கத்தை ஜெர்மானிய மத்திய வங்கியின் கணக்குக்கு மாற்றவேண்டும் என்பது அதன் சாரம். அச்சுறுத்தலின்கீழ் எழுதி வாங்கப்பட்ட உத்தரவு அது. காகிதத்தில் எல்லாம் முறையாக இருந்தது. வங்கி அதை நிறைவேற்றியது.

அலுவலக வாழ்க்கையில், ஆவணம் சரியாக இருக்கிறது என்பதற்காக நானும் முத்திரை குத்தியதுண்டு. அவை சிறிய காரியங்கள். இது சிறிய காரியமன்று. வங்கி அரசியலில் தலையிடக்கூடாது என்ற வாதத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. பிற்காலத்தில் தனித்தனி நாடுகளின் நல்லெண்ணத்தை நம்பாமல், பொதுவான அதிகாரமும் கட்டாயமான காலவரையறையும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதற்கும் பாசலில் கண்டவற்றுக்கும் தொடர்பு உண்டா என்று நிலையத்தின் இருக்கையில் அமர்ந்து நெடுநேரம் யோசித்தேன். உண்டு என்று நம்ப விரும்புகிறேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

நான்காம் நாள்: உரோம்

57 கிலோமீட்டர் நீளமுள்ள கொத்தார்ட் சுரங்கத்தைக் கடந்து, மிலானில் ரயில் மாறி உரோம் வந்தேன். நேராகக் காம்பிதோலியோ குன்றுக்குச் சென்றேன். கன்சர்வதோரி மாளிகையில் ஒராசியர், குரியாசியர் மண்டபம் இருக்கிறது. சுவர் முழுவதும் பழைய உரோமின் போர்க்காட்சி ஓவியங்கள், இரு முனைகளிலும் இரண்டு போப்பாண்டவர்களின் சிலைகள். 1957 மார்ச் 25 அன்று, வெளியே மழை பெய்துகொண்டிருக்க, பன்னிரண்டு பேர் இங்கே அமர்ந்து உரோம் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். நெதர்லாந்தின் சார்பில் கையெழுத்திட்டவர்கள் லூன்ஸும் லிந்தோர்ஸ்ட் ஹோமானும். ஐந்து மாதங்களுக்கு முன்பே பதவியை விட்டு விலகியிருந்த பையெனின் பெயர் அதில் இல்லை.

அதற்கு முன், 1955 ஜூனில், பொதுச் சந்தையைப் பற்றிப் பேசச் சிசிலியின் மெசினாவில் கூடிய ஆறு பேரில் ஸ்பாக், லக்ஸம்பர்க்கின் யோசஃப் பெக், இத்தாலியின் கயேத்தானோ மார்த்தீனோ, ஜெர்மனியின் வால்ட்டர் ஹால்ஷ்டைன் ஆகிய நால்வர் இங்கேயும் இருந்தார்கள். பிரான்சின் அந்த்வான் பினேயும் பையெனும் மட்டும் இல்லை. கையெழுத்து நாளின் புகைப்படங்களே பிறகு புத்தகங்களில் அச்சாகின்றன என்பதை நினைத்தால், ஒருவர் எப்படி மறக்கப்படுகிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள்: மெசினா

தெற்கே செல்லும் ரயில் வில்லா சான் ஜொவான்னியில் நின்றது. இன்ஜினைக் கழற்றி, பெட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் போடப்பட்டிருந்த தண்டவாளங்களில் தள்ளி ஏற்றினார்கள். சங்கிலிகளின் ஓசை அடங்கியதும் பயணிகள் படியேறி மேல்தளத்துக்குப் போனோம். நீரிணையின் காற்று முகத்தில் அடித்தது. எதிரே மெசினாத் துறைமுகத்தின் முனையில், உயரமான தூணின்மேல் பொன்னிறத்தில் மாதாவின் சிலை நின்றுகொண்டிருந்தது. 1908 டிசம்பர் 28 அன்று நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, பிறகு புதிதாகக் கட்டப்பட்ட ஊர் இது.

ஐரோப்பாவின் எதிர்காலத்தைப் பேச ஆறு நாட்டுப் பிரதிநிதிகள் ஏன் இவ்வளவு தொலைவு வந்தார்கள் என்பதற்குக் காரணம் எளிமையானது. மெசினா மார்த்தீனோவின் சொந்த ஊர். அவர் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1955 ஜூன் 5 அன்று சிசிலியின் பிராந்தியத் தேர்தல் நடக்கவிருந்தது. தேர்தல் வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போக அவரால் முடியவில்லை. ஆகவே மற்ற ஐவரும் இவரிடம் வந்தார்கள். ஜூன் 1 அன்று மாநாடு தொடங்கியது.

நகராட்சி அலுவலகமான சான்கா மாளிகையின் பெரிய மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் இருந்த காவலரிடம் என் அரைகுறை இத்தாலியத்தில் கேட்டேன். எதற்காக என்று வினவினார். மாநாட்டைச் சொன்னதும் முகம் மலர்ந்து, "எங்கள் மார்த்தீனோ" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு, அவரே மாடிப்படி வரை உடன் வந்தார். பையெனின் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுக்காரரா என்று கேட்டார். ஒல்லாந்துக்காரர் என்றேன். எழுதித் தாருங்கள் ஐயா, மகளிடம் கேட்கிறேன் என்றார். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

நண்பகலில் பேராலயத்தின் மணிக்கூண்டுக்கு எதிரே கூட்டத்தோடு நின்றேன். பன்னிரண்டு மணிக்குச் சிங்கம் கர்ஜிக்கிறது, சேவல் கூவுகிறது, பொன்முலாம் பூசிய உருவங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வருகின்றன. 1933 இல் நிறுவப்பட்ட இந்தக் கடிகாரத்தைச் செய்தவர்கள் ஸ்ட்ராஸ்பூரைச் சேர்ந்த உங்கரர் நிறுவனத்தார். அன்று இந்த ஊரில் கூடிய ஆறு பேரும் இதைப் பார்த்தார்களா என்பது தெரியாது. இன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஊரிலிருந்து வந்த கடிகாரத்தின் அடியில் அவர்கள் பேச்சு நடந்தது என்பதே எனக்குப் போதுமான மகிழ்ச்சியாக இருந்தது.

ஆறாம் நாள்: தாவோர்மீனா

மெசினாவிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நிலையத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஊருக்குப் பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. மாநாட்டின் பேச்சுகள் தொடர்ந்த சான் தொமேனிக்கோ விடுதி, பெயரே சொல்வதுபோல், தொமினிக்கத் துறவியரின் பழைய மடம். பிரஸ்ஸல்ஸில் பார்த்த கோமாட்டியின் பள்ளத்தாக்கும் அதே சபையின் மடமாக இருந்தது என்பது இங்கே வந்து நின்றபோதுதான் மனத்தில் பட்டது. போரின்போது ஜெர்மானியத் தளபதியின் தலைமையகமாக இருந்ததால், 1943 ஜூலையில் இதன்மேல் குண்டு வீசப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியின் பிரதிநிதி இதே கூரையின்கீழ் மற்ற ஐவரோடும் சமமாக அமர்ந்து பேசினார்.

பேச்சு எளிதாக இருக்கவில்லை. முதலில், நிலக்கரி எஃகு சமூகத்தின் உயர் ஆணையத் தலைவர் பதவியை விட்டு விலகும் மொனேயின் இடத்துக்கு ரெனே மாயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பிறகுதான் பெனலக்ஸ் குறிப்பாணைக்கு வந்தார்கள். பிரான்சுக்கு அணுசக்தி ஒத்துழைப்பில் விருப்பம் இருந்தது, பொதுச் சந்தையில் அச்சம் இருந்தது. ஜெர்மனியின் நிலை ஏறக்குறைய இதற்கு எதிரானது. சந்தை அதற்கு வேண்டும், அணுசக்தியில் ஓர் ஐரோப்பிய அமைப்பின் கட்டுப்பாடு அதற்குப் பிடிக்கவில்லை. பையெனும் ஸ்பாக்கும் தத்தம் கருத்தைக் கைவிடாமல் மே மாதத்தில் இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. ஒன்றை விரும்பியவர் மற்றொன்றையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருந்தது. ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் இந்த முறை துறைமுகத்தில் பணியாற்றிய எனக்குப் புதிதன்று. இரண்டு பெரிய அரசுகளை வைத்து அதை நடத்திக் காட்டியதைத்தான் வியக்கிறேன்.

ஜூன் 2 அன்று தொடங்கிய பேச்சு இரவெல்லாம் நீண்டு, மறுநாள் விடியற்காலையில் முடிந்தது. சுங்கத் தீர்வையும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு பொதுச் சந்தையை ஏற்படுத்துவது நோக்கம் என்று ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அதை அடுத்து ஆராயும் குழுவின் தலைமை பிறகு ஸ்பாக்கிடம் சென்றது. பிரிட்டன் அந்தக் குழுவுக்கு ரஸ்ஸல் பிரெதர்டன் என்ற அதிகாரியை அனுப்பி, அதே ஆண்டு நவம்பரில் திரும்ப அழைத்துக்கொண்டது.

விடுதிக்குள் தங்கும் வசதி எனக்கில்லை. அதனால் சுவருக்கு வெளியே, கடலையும் எத்னா மலையையும் பார்க்கும் வளைவில் மாலை முழுவதும் இருந்தேன். பையென் பிறகு 1958 முதல் 1963 வரை பாரிஸில் தம் நாட்டின் தூதராக இருந்தார். 1968 ஜூலை 1 அன்று, ஆறு நாடுகளுக்கிடையே இருந்த கடைசிச் சுங்கத் தீர்வையும் நீக்கப்பட்டு, வெளியுலகுக்குப் பொதுத் தீர்வை நடைமுறைக்கு வந்தது. 1952 இல் அவர் கேட்டதும் இதையேதான். அதைக் கண்ணால் பார்க்கும்போது அவருக்கு வயது 71. 1976 ஏப்ரலில் தி ஹேக்கில் காலமானார்.

இருட்டியதும் கீழே இறங்கும் கடைசிப் பேருந்துக்காக நின்றேன். பக்கத்தில் எலுமிச்சைப் பெட்டிகளை ஏற்றிய ஒரு சிறு லாரி ஓட்டுநருக்காகக் காத்து நின்றது. பெட்டிகளின் பக்கவாட்டில் ரோட்டர்டாம் என்று அச்சிட்டிருந்தது. பழக்கத்தின் காரணமாக, சுங்க முத்திரை எங்காவது இருக்கிறதா என்று என் கண்கள் தேடின. முத்திரை ஒன்றும் இல்லை.